“முழுமையாகச் சோதிக்கப்பட்டது” என்று விற்கப்படும் ஸ்விங் டிரேடிங் உத்தி: பணம் கட்டுமுன் ஒரு எச்சரிக்கை

பத்து ஆண்டு விலைத் தரவில் சோதித்துப் பார்த்த விதிகள், ஆசைக்கும் அச்சத்துக்கும் இடமே இல்லை, இண்டிகேட்டர் (விலையிலிருந்து கணக்கிடப்படும் குறிகாட்டி) சொல்லும்போது வாங்கி, சொல்லும்போது விற்றால் போதும் என்ற விளம்பரத்துடன் ஒரு பயிற்சியாளர் விற்றுவரும் ஸ்விங் டிரேடிங் (பங்கைச் சில நாள் முதல் சில வாரம்வரை வைத்திருந்து விற்கும் முறை) உத்தியை, முழுக் கட்டணமும் முன்கூட்டியே செலுத்தி வாங்கினேன். அதை நம்பிச் சந்தையில் பணம் போடுவதற்கு முன், அவர் கொடுத்த விதிகளை அப்படியே நிரலாக எழுதி, அதே பங்குகளுக்கும் அதே காலத்துக்கும் நானே பேக்டெஸ்ட், அதாவது பழைய விலைகளில் விதிகளை ஓட்டிப் பார்க்கும் சோதனை, செய்து பார்த்தேன். அவர் காட்டிய லாபத்தில் பெரும்பகுதி வரவே இல்லை. ஏன் வரவில்லை என்று தேடிப் போனபோது தெரியவந்தவற்றையும், கேள்வி கேட்டதும் அவர் நடந்துகொண்ட விதத்தையும் இங்கே பதிவு செய்கிறேன். இதே சரக்கை வேறு வேறு பெயர்களில் விற்பவர்கள் பலர் இருப்பதால், ஆள் யார் என்பதைக் காட்டிலும் ஏமாற்று எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வதே படிப்பவருக்கு உதவும்.

பணம் கட்டிய பிறகு கைக்கு வந்தவை ஒரு சிறிய விதி ஆவணம், சார்ட் மென்பொருளில் ஏற்றிக்கொள்ள ஓர் இண்டிகேட்டர் கோப்பு, கடந்த கால டிரேடு பட்டியல் ஆகியவை. கட்டுவதற்கு முன் கண்ணில் காட்டியதோ, சறுக்கலே இல்லாமல் ஏறிக்கொண்டு போகும் லாபக் கோடு ஒன்றை மட்டும்தான். விதிகள் பார்ப்பதற்கு ஒழுங்காகவே இருந்தன. பங்கின் விலை 200 நாள் மூவிங் ஆவரேஜுக்கு (கடந்த 200 நாள் விலைகளின் சராசரிக்கு) மேல் இருக்க வேண்டும். 11 நாள் ஆர்எஸ்ஐ (அண்மைய ஏற்ற இறக்கங்களை ஒப்பிட்டு 0 முதல் 100 வரை காட்டும் எண்) 37க்குக் கீழே இறங்கி மறுபடியும் அதற்கு மேலே ஏற வேண்டும். எம்ஏசிடி ஹிஸ்டோகிராம் (விலைப் போக்கின் வேகம் கூடுகிறதா குறைகிறதா என்று காட்டும் பட்டைகள்) முந்தைய நாளைவிட உயர்ந்திருக்க வேண்டும். இவை ஒரே நாளில் கூடி வந்தால் வாங்கலாம். வாங்கிய விலைக்கு மேல் ஏடிஆரின் (ஒரு நாளில் விலை சராசரியாக நகரும் அளவின்) 1.75 மடங்கு டார்கெட், அதாவது லாபத்தில் விற்கும் விலை. ஏறுமுகத்தில் இருக்கும் பங்கு சற்றே இறங்கித் திரும்பும்போது உள்ளே போவது என்பது பலரும் காலங்காலமாகச் செய்துவரும், நியாயமான யோசனை. அதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. குறை முழுவதும் சோதனையில்தான் இருந்தது.

டிரேடு பட்டியலின் முதல் பக்கத்திலேயே ஒரு வரி உறுத்தியது. சிக்னல் வந்த தேதி ஒரு செவ்வாய்க்கிழமை; வாங்கிய தேதியும் அதே செவ்வாய்க்கிழமை; வாங்கிய விலை என்று போட்டிருந்தது அன்றைய தொடக்க விலை. ஆர்எஸ்ஐ, எம்ஏசிடி இரண்டுமே நாளின் முடிவு விலையை வைத்துக் கணக்கிடப்படுபவை. சந்தை மூடும்வரை அன்றைய ஆர்எஸ்ஐ 37ஐத் தாண்டுமா தாண்டாதா என்பது யாருக்கும் தெரியாது. அப்படியிருக்க, மாலையில் பிறக்கும் சிக்னலைக் கொண்டு அன்று காலை விலையில் வாங்கியதாகக் கணக்கு எழுதப்பட்டிருந்தது. அந்தப் பங்கு அன்று தொடக்கத்திலிருந்து முடிவுக்குள் 4 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தது. அப்படி ஏறிய காரணத்தால்தான் ஆர்எஸ்ஐயே மேலே திரும்பியது. அதாவது, சிக்னலை உண்டாக்கிய ஏற்றத்தையே சிக்னல் சம்பாதித்துக் கொடுத்த லாபமாகக் காட்டியிருந்தார்கள். மற்ற வரிகளையும் பார்த்தேன். பட்டியல் முழுவதும் அதே முறைதான். எதிர்காலத் தரவைக் கள்ளத்தனமாக எட்டிப் பார்க்கும் இந்தப் பிழையை நிரலில் கண்டுபிடிப்பது கடினம்; ஆனால் டிரேடு பட்டியலில் தேதியையும் விலையையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எவருக்கும் தெரிந்துவிடும். வாங்குவதை மறுநாள் தொடக்க விலைக்கு மாற்றியவுடன், ஏறிக்கொண்டே போன அந்தக் கோடு ஏறக்குறையத் தட்டையாகப் படுத்துவிட்டது.

இதைச் சுட்டிக்காட்டியபோது அவர் சொன்ன முதல் பதில், “உங்கள் தரவு வேறு, என் தரவு வேறு, அதனால் ஆர்எஸ்ஐ மாறுகிறது” என்பது. இதில் அரை உண்மை இருக்கிறது என்பதால் சற்று விளக்க வேண்டும். வெல்ஸ் வைல்டர் 1978இல் வெளியிட்ட ஆர்எஸ்ஐ, வெறும் 11 அல்லது 14 நாள் சராசரி அன்று. ஒவ்வொரு நாளும் முந்தைய நாளின் சராசரியைச் சுமந்துகொண்டே வரும் முறையில் கணக்கிடப்படுவது. ஆகவே தரவின் தொடக்கத்தில் சில நாட்களுக்கு ஆர்எஸ்ஐ எண்கள் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆனால் ஓராண்டுத் தரவைக் கூடுதலாக முன்னால் சேர்த்துவிட்டால் அந்த வேறுபாடு ஒன்றுமில்லாமல் கரைந்துவிடும். நான் அப்படிச் சேர்த்தே கணக்கிட்டிருந்தேன்; அவருடைய பட்டியலில் இருந்த ஆர்எஸ்ஐ எண்ணும் என்னுடையதும் தசமப் புள்ளிவரை ஒன்றாகவே இருந்தன. சிக்னலில் பிசகு இல்லை, வாங்கிய விலையில்தான் பிசகு என்று எழுதி அனுப்பியதற்குப் பதில் வரவில்லை.

இண்டிகேட்டர் கோப்பின் கதை வேறு. பழைய சார்ட்டில் ஏற்றிப் பார்த்தால் விலை இறங்கித் திரும்பிய ஒவ்வொரு அடிப்புள்ளிக்குக் கீழும் பச்சை அம்புக்குறி அச்சுப் பிசகாமல் நிற்கும். நடப்புச் சார்ட்டில் வைத்து நாள்தோறும் கவனித்தபோதுதான், அந்த அம்புக்குறி அன்றைய கேண்டிலில் (ஒரு நாளின் விலை நகர்வைக் காட்டும் பட்டையில்) வருவதே இல்லை என்பது தெரிந்தது. இரண்டு கேண்டில்கள் கடந்த பிறகு, பின்னால் திரும்பிப் போய் அடிப்புள்ளியின் கீழே வரைகிறது. ஐந்து கேண்டில்களைக் கொண்டு அடிப்புள்ளியை அறியும் எந்த முறையும் நடுக்கேண்டிலுக்குப் பிந்தைய இரண்டும் முடிந்த பிறகுதான் உறுதி சொல்ல முடியும். அது அந்த முறையின் இயல்பு. அதைச் சொல்லாமல், நடுக்கேண்டிலிலேயே சிக்னல் வந்ததுபோல் படம் பிடித்து விற்பது ஏமாற்று. சில நாட்களில் சந்தை நடந்துகொண்டிருக்கும்போது வந்த வேறொரு அம்புக்குறி, மாலையில் தடமில்லாமல் மறைந்தும் போனது.

எல்லாவற்றிலும் பெரியது நஷ்டக் கணக்கு. விளம்பரத்தில் 80 சதவீதத்துக்கு மேல் வெற்றி என்று போட்டிருந்தார்கள். டிரேடு பட்டியலில் முடிந்துபோன டிரேடுகள் மட்டுமே இருந்தன. வாங்கி, டார்கெட்டைத் தொடாமல் கீழே விழுந்து, சோதனைக் காலத்தின் கடைசி நாள்வரை விற்கப்படாமல் கிடந்த பங்குகள் எதிலுமே சேரவில்லை. ஸ்டாப் லாஸ், அதாவது நஷ்டம் பெருகாமல் விற்றுவிட வேண்டிய விலை, எங்கே என்று விதி ஆவணத்தில் தேடினால், விலை மூன்று ஏடிஆர் அளவுக்குக் கீழே போனால் “நிலைமையை மதிப்பிட்டு வெளியேறலாம்” என்றிருந்தது. உணர்ச்சிக்கு இடமே இல்லாத விதி என்று விற்ற ஒன்றில், மிக முக்கியமான விதியை வாங்குபவரின் மதிப்பீட்டுக்கு விட்டிருந்தார்கள். பேக்டெஸ்டிலோ அந்த மதிப்பீடு ஒருமுறைகூட “வெளியேறு” என்று சொல்லவில்லை. முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள் இருந்தது இங்கேதான். பத்து டிரேடுகளில் எட்டு தலா 3 சதவீத லாபம் தந்தால் 24 சதவீதம். மீதி இரண்டு தலா 15 சதவீதம் விழுந்து கிடந்தால் 30 சதவீத நஷ்டம். வெற்றி விகிதம் 80 சதவீதம் என்பது அப்போதும் உண்மைதான். மொத்தத்தில் பணம் குறைந்திருக்கும் என்பதும் உண்மைதான். டிராடவுன் (கணக்கு அதன் உச்சத்திலிருந்து விழுந்த அளவு) மிகக் குறைவு என்று அவர் பெருமையாகக் காட்டியதற்கும் இதுவே காரணம்: விற்காத பங்கின் வீழ்ச்சியை அவர் வீழ்ச்சியாகவே எண்ணவில்லை.

இதற்குத் துணையாக நின்றது பங்குகளின் தேர்வு. பத்தாண்டுச் சோதனைக்கு எடுத்துக்கொண்டது இன்றைக்குச் சந்தைக் குறியீட்டில் இருக்கும் பெரிய பங்குகளின் பட்டியல். நடுவில் குறியீட்டிலிருந்து தூக்கப்பட்டவையும், சரிந்து வர்த்தகமே நின்றுபோனவையும் அதில் இல்லை. பிழைத்தவற்றை மட்டும் சோதிப்பது எந்த உத்தியையும் சற்று அழகாகக் காட்டும் என்பது தெரிந்த செய்தி. ஆனால் ஸ்டாப் லாஸ் இல்லாத உத்திக்கு அது தரும் அழகு அளவு கடந்தது. ஏனென்றால் இன்றும் பட்டியலில் இருக்கும் பங்கு, விழுந்திருந்தாலும் பெரும்பாலும் எழுந்து வந்த பங்காகத்தான் இருக்கும். நஷ்டத்தில் விற்காமல் காத்திருந்தால் விலை திரும்பி வரும் என்ற “கண்டுபிடிப்பு”, திரும்பி வந்தவற்றை மட்டும் பட்டியலிட்டதால் கிடைத்த முடிவு. அன்றன்றைக்குக் குறியீட்டில் இருந்த பங்குகளின் பட்டியலைக் கேட்டேன்; அது தேவையில்லை என்றார்.

ஆர்எஸ்ஐக்கு வைல்டர் வைத்த வழக்கமான அளவு 14 நாள். இங்கே 11 ஏன், 37 ஏன், 1.75 ஏன் என்ற கேள்விக்கு, “நீண்ட ஆராய்ச்சியில் கண்டடைந்தது” என்றார். ஆர்எஸ்ஐ நாட்களை 5 முதல் 21 வரையும், எல்லையை 25 முதல் 45 வரையும், டார்கெட்டை 0.5 முதல் 4 வரை கால் கால் ஆகவும் மாற்றிப் பார்த்தால் 5,355 சேர்க்கைகள் வரும். கணினி இவற்றை ஓட்டி முடிக்க அதிக நேரம் எடுக்காது; இத்தனையில் ஒன்று கடந்த காலத்துக்கு அற்புதமாகப் பொருந்தாமல் போனால்தான் வியப்பு. விதியில் உயிர் இருக்கிறதா என்று அறிய எளிய வழி, எண்ணைச் சற்றே அசைத்துப் பார்ப்பது. 11ஐ 10 ஆகவும் 12 ஆகவும், 37ஐ 35 ஆகவும் 39 ஆகவும் மாற்றினேன்; அவருடைய தவறான வாங்கும் விலையை வைத்துக்கொண்டும்கூட லாபம் சரிபாதிக்கும் கீழே இறங்கியது. உண்மையில் சந்தையின் ஏதோ ஓர் இயல்பைப் பிடித்த விதி, பக்கத்து எண்ணிலும் ஓரளவு வேலை செய்ய வேண்டும்.

புரோக்கரேஜ், வரி, ஸ்லிப்பேஜ் (எதிர்பார்த்த விலைக்கும் கிடைக்கும் விலைக்கும் உள்ள வேறுபாடு) எதுவும் கழிக்கப்படவில்லை என்பதை நீட்டிச் சொல்லத் தேவையில்லை. சராசரியாக ஒரு டிரேடுக்கு 0.4 சதவீதம் மிஞ்சும் உத்தியில், வாங்கி விற்கும் செலவு 0.3 சதவீதம் என்றால் என்ன மிஞ்சும் என்பதைக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஒரே நாளில் மூன்று ஏடிஆர் கீழ் எல்லையையும் டார்கெட்டையும் விலை தொட்டிருந்தால், எது முதலில் நடந்தது என்பதை நாள் கேண்டில் சொல்லாது; பட்டியலில் எப்போதும் டார்கெட்டே முதலில் வந்ததாக எழுதப்பட்டிருந்தது.

இவை அனைத்தையும் பட்டியலின் வரி எண்களோடு எழுதிக் கொடுத்து, கட்டணத்தைத் திருப்பித் தருமாறு கேட்டேன். முதலில் சந்தையின் போக்கு மாறிவிட்டது என்றார். நான் பேசுவது இன்றைய சந்தையைப் பற்றியன்று, அவரே சோதித்ததாகச் சொன்ன பழைய ஆண்டுகளைப் பற்றி என்று சொன்னதும், விதியைப் பின்பற்றும் மனக்கட்டுப்பாடு எனக்கு இல்லை என்றார். ஒரு டிரேடுகூடச் செய்யாதவனிடம் மனக்கட்டுப்பாட்டைப் பற்றிப் பேசியதிலிருந்து, யார் கேட்டாலும் அதே பதில்தான் போகிறது என்று புரிந்தது. பிறகு, மற்ற வாங்குபவர்களுடன் இருந்த குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார். கடைசியாக வந்த பதிலில், கட்டணம் செலுத்தும் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருந்த ஒரு வாக்கியத்தை எடுத்துக் காட்டினார்: இது கல்வி நோக்கத்துக்காக மட்டுமே வழங்கப்படுகிறது, கட்டணம் திருப்பித் தரப்படாது. பெரிய எழுத்தில் வெற்றி விகிதம், சிறிய எழுத்தில் கல்வி நோக்கம். பணம் திரும்பி வரவில்லை.

இத்தகைய உத்தியை வாங்க நினைப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன்பே ஓர் ஆண்டுக்கான முழு டிரேடு பட்டியலைக் கேட்க வேண்டும். சிக்னல் வந்த நேரம், வாங்கிய நேரம், வாங்கிய விலை ஆகிய மூன்றும் தனித்தனிக் கட்டங்களில் இருக்க வேண்டும். கடைசி நாளில் விற்காமல் நின்ற பங்குகளை அன்றைய விலைக்கு மதிப்பிட்டுச் சேர்த்திருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். எண்களைத் தேர்ந்தெடுக்கப் பயன்படுத்திய ஆண்டுகள் எவை, தொடாமல் ஒதுக்கி வைத்து இறுதியில் மட்டும் சோதித்த ஆண்டுகள் எவை என்பதைப் பிரித்துச் சொல்லச் சொல்ல வேண்டும். உத்தியின் ரகசியத்தை வெளியிடாமலே இவற்றுக்கெல்லாம் விடை சொல்ல முடியும் என்பதால், தொழில் ரகசியம் என்ற சாக்கு இங்கே செல்லாது. இண்டிகேட்டர் கொடுத்தால், பழைய சார்ட்டை ஒதுக்கிவிட்டு நடப்புச் சார்ட்டில் வைத்து, அம்புக்குறி தோன்றும் நேரத்தில் ஒரு படமும் சில நாட்கள் கழித்து இன்னொரு படமும் எடுத்து ஒப்பிட்டால் மறைவதும் நகர்வதும் தெரிந்துவிடும்.

அவர் இப்போது இதே உத்தியை, செயற்கை நுண்ணறிவு மேம்படுத்தியது என்ற அடைமொழியோடு புதுப் பெயரில் விற்கிறார். கட்டணம் கூடியிருக்கிறது, லாபக் கோட்டின் படம் அதேதான், டிரேடு பட்டியலை மட்டும் இப்போது யாருக்கும் கொடுப்பதில்லை.