ஜாக்ஸன் ஹைட்ஸில் நேபாளச் சாப்பாடு: தாலியா, மோமோவா?

நியூயார்க்கின் குயின்ஸில் 74ஆம் தெரு – ரூஸ்வெல்ட் அவென்யூ ரயில் நிலையத்தில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தாலே நேபாளக் கடைகள் தென்படும். தலைக்கு மேல் 7ஆம் எண் ரயில் தடதடக்கும். கீழே வங்காளி மளிகை, திபெத்திய நூடுல்ஸ், கொலம்பியா பேக்கரி. முதல் தடவை போனபோது ஒரு கடைப் பலகையில் ஆங்கிலத்தில் இருந்ததைத் 'தக்காளி தாலி' என்று படித்துவிட்டு விழித்தேன். தக்காளியும் இல்லை, கழுத்தில் கட்டும் தாலியும் இல்லை. தகாலி என்பவர்கள் நேபாளத்தின் முஸ்தாங் பகுதியில், காளி கண்டகி ஆற்றங்கரைக்காரர்கள். திபெத் உப்பு வந்த பாதையில் சத்திரம் நடத்திச் சோறு போட்டவர்கள். தாலி என்பது நம் மீல்ஸ்தான்.

தட்டின் நடுவில் சோறு, சுற்றிலும் பருப்பு, கீரை, உருளைக்கிழங்கு, முள்ளங்கி ஊறுகாய், விரும்பினால் ஆட்டுக்கறி. நான் முதலில் கை வைப்பது பருப்புக் கிண்ணத்தில். தோலோடு கூடிய கறுப்பு உளுந்து. நாம் இட்லிக்கும் வடைக்கும் அரைப்பதை அவர்கள் வேகவைத்துச் சோற்றில் ஊற்றிப் பிசைகிறார்கள். மேலே நெய்யில் ஜிம்பு தாளிப்பார்கள். பார்க்கக் காய்ந்த புல் மாதிரி இருக்கும், நெய் சூட்டில் விழுந்ததும் பூண்டும் வெங்காயமும் கலந்த வாசனை எழும். அந்த வாசனை இல்லாமல் வெறும் மஞ்சள் பருப்பு வந்தால், அந்தக் கடைக்கு இரண்டாம் முறை போகமாட்டேன்.

சோற்றுக்குப் பதில் டிண்டோவும் கேட்கலாம். கேழ்வரகு மாவிலோ பாப்பரை (பக்வீட்) மாவிலோ கிண்டிய களி. நேபாளத்தில் கேழ்வரகுக்குப் பெயர் கோதோ. இந்தியில் கோதோ என்றால் வரகு என்பதால் இதில் குழம்பாதவர் குறைவு. தொட்டுக்கொள்ள குந்த்ருக் குழம்பு. கடுகுக் கீரையைப் புளிக்கவைத்து வெயிலில் காயப்போட்டது, நல்ல புளிப்பு. களி சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இது புது ஊர்ச் சாப்பாடாகவே தோன்றாது.

மோமோ கடையின் கதை வேறு. நாலு மேசை, ஒரு கல்லா, பின்னால் ஆவி பறக்கும் அடுக்குப் பாத்திரம். இங்கே பரீட்சை மாவுக்கும் சட்னிக்கும். ஓரத்தில் சின்னதாகக் கடித்தால் உள்ளே இருக்கும் சாறு நாக்குக்கு வரவேண்டும். ஒரு கடையில் ஆவியிலேயே வெகுநேரம் கிடந்த மோமோவைக் கொடுத்தார்கள். மடிப்பெல்லாம் ரப்பர், சட்னி என்ற பெயரில் கெட்சப்புக்கு அண்ணன். நல்ல கடையில் ஜோல் மோமோ கேளுங்கள். தக்காளியும் எள்ளும் அரைத்த குழம்பில் மிதந்து வரும். அதில் திமுர் போட்டிருந்தால் உதடு லேசாக மரத்துப்போகும். மிளகு மாதிரி தெரிந்தாலும் காரம் வேறு வகை.

விலையில் மோமோதான் மலிவு. ஆனால் பெரும்பாலும் தாலியில் சோறும் பருப்பும் கேட்கக் கேட்கப் போடுவார்கள், கறிக்குத்தான் தனிக் காசு. பசியோடு போகிறவனுக்குக் கணக்கு தாலி பக்கம் சாயும். சைவக்காரர்களுக்கும் அதுதான் நிம்மதி, ஏனென்றால் காய்கறி மோமோவும் கோழி மோமோவும் ஒரே பாத்திரத்தில் வேகக்கூடும். வெட்கப்படாமல் கேட்டுவிடுங்கள். பரிமாறுபவரை 'தாய்' என்று கூப்பிடலாம், நேபாளியில் அது அண்ணன். எனக்கு அப்படிக் கூப்பிட இன்னும் வாய் வரவில்லை.

மூன்றாவதாக நேவாரிக் கடைகள், காட்மாண்டு பள்ளத்தாக்கின் நேவார் மக்களின் சாப்பாடு. அவல், கடுகெண்ணெய் மணக்கும் மசாலா இறைச்சியான சோய்லா, உளுந்தில் தட்டிய பாரா. நாலு பேர் கதை பேசிக்கொண்டே கொறிக்க நல்லது, வயிறு நிரம்ப அல்ல.

என் ஓட்டு தாலிக்கு. ஞாயிறு மதியம், அவசரமில்லாமல். மோமோவை வேலை முடிந்து ரயிலிறங்கும் குளிர்கால மாலைக்கு வைத்திருக்கிறேன். பார்சல் வாங்கினால் ஜோலைத் தனி டப்பாவில் கட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் வீடு போய்ச் சேர்வதற்குள் மோமோ ஊறிக் கூழாகிவிடும்.