கொரிந்துக்கு ஒருநாள் சுற்றுலா: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

ஏதென்ஸிலிருந்து கிரேக்கத்தின் பழைய கொரிந்து நகர இடிபாடுகளையும் அதற்கு மேலே மலையில் இருக்கும் அக்ரோகொரிந்துக் கோட்டையையும் ஒரே நாளில் காட்டுவதாகப் பல விளம்பரங்கள் வருகின்றன. அதில் ஒன்றை நம்பி அம்மாவும் நானும் ஆளுக்கு 95 யூரோ கட்டினோம். இடிபாடுகளை விளக்க யாரும் வரவில்லை. கோட்டையை வெளியே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பினோம். நிறுவனத்தின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. ஏமாற்றும் முறை தெரிந்தால் எந்தப் பெயரில் வந்தாலும் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

அம்மாவுக்குக் கொரிந்து சாதாரண ஊர் இல்லை. பைபிளில் வரும் அப்போஸ்தலர் பவுல் ஒன்றரை வருஷம் தங்கிய ஊர், ஆக்கில்லா பிரிஸ்கில்லா தம்பதியோடு கூடாரத் தொழில் செய்த ஊர், ரோம ஆளுநர் கல்லியோனுடைய நியாயாசனத்துக்கு (நீதி விசாரிக்கும் மேடைக்கு) முன் அவரை இழுத்து வந்து நிறுத்திய ஊர். சின்ன வயதிலிருந்து வாசித்த இடத்தை யாராவது கூட வந்து காட்ட வேண்டும் என்பதற்காகத்தான் ரயிலை விட்டுவிட்டு இந்தச் சுற்றுலாவை எடுத்தோம்.

விளம்பரத்தின் தலைப்பில் ‘வழிகாட்டியுடன்’ என்று பெரிதாக இருந்தது. வந்தவர் வண்டி ஓட்டுநர் மட்டும். நல்ல மனிதர், வழியெல்லாம் கலகலப்பாகப் பேசிக்கொண்டு வந்தார். ஆனால் நுழைவாயிலில் நிறுத்தி, “உள்ளே வந்து விளக்கம் சொல்ல எனக்கு அனுமதி இல்லை, நீங்கள் பார்த்துவிட்டு வாருங்கள்” என்றார். அவர் சொன்னது உண்மைதான். கிரேக்கத்தில் தொல்லியல் தலங்களுக்குள் விளக்கம் சொல்ல அரசு உரிமம் பெற்ற வழிகாட்டிகளுக்குத்தான் அனுமதி உண்டு. அவர்களிடம் அதற்கான அடையாள அட்டை இருக்கும். ஓட்டுநர் வண்டிக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், வாசலைத் தாண்டி வழிகாட்ட முடியாது. இது சுற்றுலா நடத்துபவர்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் தலைப்பில் ஒன்றைப் போட்டு, விவரங்களின் அடியில் ‘ஆங்கிலம் பேசும் ஓட்டுநர்’ என்று பொடி எழுத்தில் ஒளித்து வைக்கிறார்கள். நுழைவுச் சீட்டும் கட்டணத்தில் சேராது என்பது அதற்கும் கீழே இருந்தது.

நேரம் போன விதம் இன்னும் மோசம். முதலில் கொரிந்துக் கால்வாய். 1893-இல் திறந்தது, 6.4 கிலோமீட்டர் நீளம், பாறையைச் செங்குத்தாக வெட்டியிருக்கிறார்கள். பார்க்க வேண்டியதுதான், ஆனால் பாலத்தில் நின்று பார்க்கக் கால் மணி நேரம் போதும். எங்களைப் பக்கத்துக் கடையில் வெகு நேரம் உட்கார வைத்தார்கள். அடுத்து ஊருக்குள் ஒரு மட்பாண்டக் கடை. சக்கரத்தில் பானை வனைவதைக் காட்டிவிட்டு விலைப்பட்டியலை நீட்டினார்கள். விளம்பரத்தில் இந்தக் கடை பற்றிப் பேச்சே இல்லை.

இத்தனைக்கும் பிறகு இடிபாடுகளுக்கு ஒதுக்கியது ஒரு மணி நேரம்கூட இல்லை. அப்பல்லோ கோயிலின் எஞ்சிய ஏழு தூண்கள் தூரத்திலிருந்தே தெரியும். ஒவ்வொன்றும் ஒரே கல்லில் செய்தது, கி.மு. ஆறாம் நூற்றாண்டு. அங்கிருந்து கீழே இறங்கினால் கண்ணுக்கெட்டிய வரை அடித்தளக் கற்கள். கி.மு. 146-இல் ரோமர்கள் இந்த நகரத்தை அழித்தார்கள், கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசர் மறுபடி குடியேற்றினார். எது கிரேக்கர் கட்டியது, எது ரோமர் கட்டியது என்று சொல்ல ஆள் இல்லாவிட்டால் எல்லாம் ஒரே கற்குவியலாகத்தான் தெரிகிறது. நியாயாசன மேடையை நாங்களே தேடிக் கண்டுபிடித்தோம். அம்மா அதன் முன் நின்று ஜெபிக்க ஆரம்பித்த சற்று நேரத்தில் ஓட்டுநரிடமிருந்து அழைப்பு வந்துவிட்டது.

தவறவிட்டதில் எனக்கு மிகவும் வலிப்பது ஏரஸ்துவின் கல்வெட்டு. தன் சொந்தச் செலவில் தளம் போட்டுக் கொடுத்ததாக ஏரஸ்து என்ற நகர அதிகாரி பொறித்த லத்தீன் எழுத்து அது. பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தில் வரும் ‘பட்டணத்து உக்கிராணக்காரனாகிய ஏரஸ்து’ (நகரப் பொருளாளர்) இவராக இருக்கலாம் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள், மறுப்பவர்களும் உண்டு. அந்தக் கல் பழைய அரங்கத்தின் பக்கத்தில், சீட்டு வாங்கி நுழையும் வேலிக்கு வெளியே இருக்கிறது. நல்ல வழிகாட்டி ஒருவர் இருந்திருந்தால் அம்மாவை அங்கே கூட்டிப் போயிருப்பார். ஊர் திரும்பிய பிறகுதான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது.

அப்புறம் சாப்பாடு. ஓட்டுநர் சொன்ன உணவகத்துக்கு மட்டும்தான் வண்டி போகும் என்றார்கள். அங்கே ஆற அமரப் பரிமாறினார்கள். கோட்டை எப்போது மூடும் என்று நான் கேட்டபோதெல்லாம் “நேரம் இருக்கிறது” என்ற பதில்தான். அது குளிர்காலம், 3.30-க்கே மூடிவிடுவார்கள். நாங்கள் மேலே போய்ச் சேர்ந்தபோது காவலர் இனி யாரையும் விட முடியாது என்று கையை விரித்துவிட்டார்.

அக்ரோகொரிந்து 575 மீட்டர் உயரப் பாறை. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று வாயில்கள். பைசாந்தியர் (கிழக்கு ரோமப் பேரரசினர்), 1210-இல் அவர்களிடமிருந்து பிடித்த பிராங்குகள் (மேற்கு ஐரோப்பியச் சிலுவைப் போர்வீரர்கள்), பிறகு ஒட்டோமானியர், வெனிசியர் என்று ஒவ்வொருவரும் கட்டிச் சேர்த்த மதில்கள். காதல் தெய்வம் அப்ரோதித்தேயின் பழைய கோயில் இருந்த உச்சி வரை ஏறி இறங்கவே இரண்டு மணி நேரமாவது ஆகும். அதை நாளின் கடைசியில் வைக்கும் எந்தத் திட்டமும் நேர்மையான திட்டம் இல்லை என்பேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். ‘பயண நிரல் மாறுதலுக்கு உட்பட்டது’ என்று ஒரு வரி, அடுத்த சுற்றுலாவுக்குத் தள்ளுபடி என்று இன்னொரு வரி, அவ்வளவுதான் பதில். நாங்கள் விடவில்லை. விளம்பரப் பக்கத்தின் படத்தையும் ரசீதையும் வைத்து அட்டை கொடுத்த வங்கியில் முறையிட்டிருக்கிறோம். விளம்பரத்தைப் பணம் கட்டும் அன்றே படம் பிடித்து வையுங்கள், எங்களுடையதை அவர்கள் பின்னால் மாற்றிவிட்டார்கள். அங்கேயே தகராறு வந்தால் கிரேக்கத்தில் சுற்றுலாக் காவல் பிரிவு தனியாக இருக்கிறது, 1571-இல் அழைக்கலாம்.

பதிவு செய்யும் முன், உரிமம் பெற்ற வழிகாட்டி தலத்துக்கு உள்ளே கூட வருவாரா, கோட்டைக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம், வழியில் எந்தெந்தக் கடையில் நிற்கும் என்று எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள். ஏதென்ஸிலிருந்து கொரிந்துக்குப் புறநகர் ரயிலும் பேருந்தும் இருக்கின்றன. அங்கிருந்து வாடகைக் காரில் நேராகக் கோட்டைக்குப் போய், அதைக் காலையிலேயே பார்த்துவிட்டு, இறங்கி வந்து இடிபாடுகளைப் பாருங்கள். மேலே பாதை முழுக்கத் தேய்ந்து வழவழப்பான கல், பெரியவர்களைக் கூட்டிப் போனால் நல்ல பிடிப்புள்ள காலணி கட்டாயம்.