உரிந்த பெயிண்ட்டையும் துருவையும் நெருங்கிப் பார்க்க: எக்ஸ்டென்ஷன் ட்யூப் செட்

உரியும் பெயிண்ட், துருவேறிய தாழ்ப்பாள், கிழிந்த போஸ்டரின் ஓரம் என யாரும் திரும்பிப் பார்க்காதவற்றைப் படமெடுக்க விரும்புபவர்கள், நெருங்கி எடுப்பதற்கென்றே உள்ள மேக்ரோ லென்ஸுக்கு முன்பே 12, 20, 36 மி.மீ. எக்ஸ்டென்ஷன் ட்யூப்கள் கொண்ட செட் ஒன்றை வாங்கிவிடலாம். உள்ளே கண்ணாடி கிடையாது. லென்ஸைக் கேமராவிலிருந்து தள்ளி வைத்து, பொருளை இன்னும் நெருங்கி ஃபோகஸ் செய்ய விடும் வெற்று வளையங்கள்தான்.

ட்யூபின் நீளத்தை லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்து, லென்ஸின் சொந்த உருப்பெருக்கத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள், மொத்த உருப்பெருக்கம் கிடைக்கும். 0.21 மடங்கு தரும் 50 மி.மீ. லென்ஸில் 12 மாட்டினால் 0.45 மடங்கு, ஃபுல் ஃப்ரேமில் (36 மி.மீ. அகல சென்சாரில்) 8 செ.மீ. அகலம் அடங்கும். 36 மாட்டினால் 0.93, அகலம் 4 செ.மீ.க்கும் குறைவு. பலரும் நேராக 36-ஐ எடுப்பார்கள். ஆனால் இந்த வகைப் படங்களுக்கு 12தான் சிறந்தது. ஜன்னல் கம்பியில் துரு உப்பிப் பெயிண்ட்டைப் பிளந்த கோடு, அதன் ஓரத்தில் சுருண்டு நிற்கும் செதில், அடியில் தெரியும் பழைய நிறம் எல்லாம் ஒரே படத்தில் வரும். 36-ல் செதில் மட்டும் மிஞ்சும், அது எங்கிருந்து உரிந்தது என்பது போய்விடும்.

36-ல் சிக்கலும் அதிகம். அப்பெர்ச்சரை (லென்ஸின் துளையை) எஃப்/8 அளவுக்குச் சுருக்கினாலும் கூர்மையாக விழுவது ஏறக்குறைய 1 மி.மீ. ஆழம்தான். தட்டையான சுவரில் கேமரா 2 டிகிரி சாய்ந்தாலே ஒரு பக்கம் மங்கிவிடும். இன்னும் சுருக்கி எஃப்/16க்குப் போனால், சிறு துளையில் ஒளி வளைந்து பரவுவதால் (டிஃப்ராக்‌ஷன்) படம் முழுவதும் மென்மையாகிவிடும், அதனால் எஃப்/8லேயே நில்லுங்கள். வெளிச்சமும் ஏறத்தாழ இரண்டு ஸ்டாப் குறையும், அதாவது கால் பங்காகிவிடும். 1/125 விநாடி ஷட்டர் வேகம் கிடைத்த இடத்தில் 1/30தான் கிடைக்கும் என்பதால் ட்ரைபாட் கட்டாயம். ஆட்டோஃபோகஸ் தடுமாறும், அதை அணைத்துவிட்டு, லைவ் வியூவில் (கேமராத் திரையில்) பெரிதாக்கிப் பார்த்தபடி கேமராவையே முன்னும் பின்னும் நகர்த்துங்கள். லென்ஸின் முனைக்கும் பொருளுக்கும் விரல் நீள இடைவெளிதான் இருக்கும், லென்ஸின் நிழலே பொருளின் மேல் விழும். வெளிச்சம் பக்கவாட்டில் தாழ்வாக வரட்டும். சொரசொரப்பு தெரிவதே அப்படித்தான்.

கேமராவையும் லென்ஸையும் மின்சாரத்தால் இணைக்கும் எலக்ட்ரானிக் கான்டாக்ட் இல்லாத மலிவான ட்யூப்களை வாங்கவே வேண்டாம். கேமராவிலிருந்து அப்பெர்ச்சரை மாற்ற முடியாது. எஸ்டிஎம் போன்ற, மோட்டார் வழியே மட்டும் ஃபோகஸ் ஆகும் லென்ஸ்களில் ஃபோகஸ் வளையமும் செத்துவிடும். வாங்கும்போது இரண்டைச் சோதியுங்கள். மாட்டியபின் லென்ஸ் ஆடுகிறதா? உட்சுவர் பளபளக்கிறதா? பளபளத்தால் ஒளி பட்டுத் தெறித்துப் படம் வெளிறும். கறுப்பு வெல்வெட் ஒட்டிச் சரிசெய்யலாம்.

24 மி.மீ. லென்ஸில் 36-ஐ மாட்டிப் பயனில்லை, ஃபோகஸ் விழும் இடம் கண்ணாடிக்கு உள்ளேயே போய்விடும். மிரர்லெஸ் கேமராக்களுக்கு 10, 16 மி.மீ. என இரண்டு ட்யூப்களாகவே பெரும்பாலும் கிடைக்கின்றன. இந்த வேலைக்கு அவை போதும்.

புகைப்படக் கலைஞர் ஆரன் சிஸ்கைண்ட் 1940களிலிருந்து உரிந்த சுவர்களை நேருக்கு நேர் நின்று எடுத்த படங்களைப் பார்த்து இந்தப் பக்கம் வருபவர்களுக்கு இந்த செட் நன்றாகப் பொருந்தும். இன்னொரு புகைப்படக் கலைஞரான ஊட்டா பார்த் போலத் தன் வீட்டுத் திரைச்சீலையில் நகரும் வெளிச்சத்தைப் பிடிக்க நினைப்பவர்களுக்கு இது வேண்டாம். ட்யூப் மாட்டினால் தூரத்து ஃபோகஸ் கிடைக்காது, வெறும் 50 மி.மீ. லென்ஸே போதும்.