பிக்-பேங் கார்பைடு பீரங்கி: காசு இரும்புக்கு அல்ல, சார்ஜருக்கு

கருமருந்துப் பீரங்கி ஒன்றை வீட்டிலேயே செய்து வெடித்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்களில் பலருக்கும் குண்டு தேவையே இல்லை. காதைப் பிளக்கும் சத்தம், குழல்வாயில் ஒரு கணம் மின்னும் தீ, சக்கரம் வைத்த வண்டி, இவ்வளவுதான் ஆசை. இந்த மூன்றையும் கருமருந்து இல்லாமலே தருகிறது, அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலிருந்து கோனஸ்டோகா நிறுவனம் விற்கும் பிக்-பேங் பீரங்கி. லீஹை பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் 1907-ல் காப்புரிமை பெற்ற ‘வாயுத் துப்பாக்கி’தான் இதன் மூலம். 1912-லிருந்து விற்பனையில் இருக்கிறது. அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை 4-ல் பிள்ளைகளின் விரலைப் பறித்த பட்டாசுக்கு மாற்றாக வந்த பொருள் என்பதால், வடிவமைப்பில் அந்தக் கவலை இன்றும் தெரிகிறது.

வார்ப்பிரும்பு உடல். பரவலாகக் கிடைப்பவை மூன்று: சுமார் 9 அங்குல நீளமுள்ள 6எஃப், 17 அங்குல 10எஃப்சி, 25 அங்குல 15எஃப்சி. வேலை செய்யும் விதம் மூன்றிலும் ஒன்றுதான். குழலுக்குள் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். பின்பக்க அடைப்பில் இரண்டு பாகங்கள் உண்டு. ஒன்று, கார்பைடுப் பொடியை அளந்து தண்ணீரில் போடும் சார்ஜர். மற்றது, சிகரெட் லைட்டரில் இருப்பது போன்ற தீக்கல்லை உரசிப் பொறி தரும் பற்றவைப்பான். பொடி தண்ணீரில் விழுந்ததும் அசிட்டிலீன் வாயு கிளம்பிக் குழலில் உள்ள காற்றோடு கலக்கும். சில நொடி பொறுத்துப் பொறி தட்டினால் வெடிக்கும். நிறுவனம் தரும் பொடிக்குப் பெயர் பேங்சைட். பெயர்தான் புதிது, சரக்கு பழையது: கியாஸ் வெல்டிங் பட்டறையில் கிடக்கும் அதே கார்பைடு கல்லைத்தான் நைசாக்கிக் குப்பியில் அடைத்திருக்கிறார்கள்.

விலையைப் பார்த்துவிட்டு ‘ஒரு குழாயும் லைட்டரும் இருந்தால் இதை நானே செய்துவிடுவேனே’ என்று நினைப்பவர்கள் கவனிக்காமல் விடுவது சார்ஜரை. ஒரு கணக்குப் போட்டால் காரணம் புரியும். 64 கிராம் சுத்தமான கால்சியம் கார்பைடு 26 கிராம் அசிட்டிலீன் தரும். அறை வெப்பத்தில் அது ஏறக்குறைய 24 லிட்டர். காற்றில் உள்ள ஆக்சிஜன் மிச்சமில்லாமல் எரிய, கலவையில் அசிட்டிலீன் 7.7 சதவீதம் இருந்தால் போதும். குழலுக்குள் 300 மில்லிலிட்டர் இடம் என்று வைத்துக்கொண்டால் தேவைப்படுவது 23 மில்லிலிட்டர் வாயு. அதற்குச் சுத்தமான கார்பைடு 60 மில்லிகிராம் சொச்சம். கடைச்சரக்கின் தூய்மை சுமார் 80 சதவீதம்தான் என்பதால் 80 மில்லிகிராம் என்று கொள்ளலாம். இரண்டு விரலால் கிள்ளும் ஒரு சிட்டிகை உப்பில் கால் பங்குகூட வராது. இந்த அளவைக் கையால் எடுத்துப் போட எவராலும் முடியாது. இது விளையாட்டுப் பொருளாக இருப்பதே, சார்ஜர் ஒவ்வொரு தடவையும் அதே சிறு அளவைக் கொடுப்பதால்தான்.

அதிகம் போட்டால் அதிகம் சத்தம் வரும் என்று நினைத்து இரண்டு மூன்று முறை சார்ஜரை இயக்குவார்கள். நடப்பது நேர்மாறு. வாயு கூடியதும் ஆக்சிஜன் பற்றாமல் போய், ‘புஸ்’ஸென்ற ஓசையோடு கரும்புகையும் கரித்துகளும்தான் வரும். இதில் ஓர் ஆபத்தும் உண்டு. அசிட்டிலீன் காற்றில் 2.5 சதவீதத்திலிருந்து ஏறக்குறைய 80 சதவீதம் வரை தீப்பற்றும். பெட்ரோல் ஆவிக்கோ சமையல் வாயுவுக்கோ இவ்வளவு அகலமான எல்லை கிடையாது. குழலில் எரியாமல் மிஞ்சிய வாயு வாய்ப்பக்கம் புதுக் காற்றோடு சேர்ந்ததும் மறுபடி பற்றிக்கொள்ளலாம். அந்த நேரத்தில் அங்கே ஒரு முகம் இருக்கக்கூடாது.

வெடிக்காமல் போவதற்கு மூன்று காரணங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. முதலாவது, முந்தைய வெடியின் எரிந்த வாயு உள்ளேயே நிற்பது. குழலில் ஆக்சிஜனே இல்லாதபோது புதுப் பொடி போட்டு என்ன பயன்? ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் அரை நிமிடம் விட்டு, பக்கவாட்டில் நின்று ஓர் அட்டையால் குழல்வாயை நன்றாக விசிறிவிட வேண்டும். வாயை வைத்து ஊதவே கூடாது. இரண்டாவது, தீக்கல் நனைவது. வெடிக்கும்போது தண்ணீர் தெறித்துப் பற்றவைப்பானில் படும். அதைக் கழற்றித் துணியால் துடைத்து, வெளியிலேயே ஒருமுறை உரசிப் பொறி வருகிறதா என்று பாருங்கள், ஆனால் பீரங்கிக்கும் பேங்சைட் குப்பிக்கும் தள்ளி நின்று. மூன்றாவது, குளிர்ந்த தண்ணீர். வாயு மெதுவாகக் கிளம்பும், ஆகவே பொறுக்கும் நேரத்தைக் கூட்ட வேண்டும். அவசரப்பட்டு இன்னொரு அளவு பொடி போட்டால் மேலே சொன்ன ‘புஸ்’தான்.

இரண்டு முறை பொறி தட்டியும் வெடிக்கவில்லையா? மேற்கொண்டு தட்ட வேண்டாம். ஒரு நிமிடம் பொறுத்து, பின்னால் நின்றபடியே அடைப்பைக் கழற்றி, தண்ணீரைத் திறந்தவெளியில் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். 2025 தீபாவளியின்போது மத்தியப் பிரதேசத்தில் பிளாஸ்டிக் குழாயில் செய்த ‘கார்பைடு துப்பாக்கி’களால் குழந்தைகள் பலருக்குக் கண் போனது. அளவுக் கட்டுப்பாடு இல்லாத பொடி, உடையும் குழாய், வெடிக்கவில்லையே என்று உள்ளே எட்டிப்பார்க்கும் முகம். இம்மூன்றும் ஒன்றாகச் சேரும் பொருள் அது. தோற்றத்தில் பிக்-பேங்கின் உறவு போலத் தெரிந்தாலும் இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பது தவறு.

வார்ப்பிரும்பு நொறுங்கும் குணமுடையது, பீரங்கிக்கு ஏற்றதா என்ற கேள்வி நியாயமானது. இந்தப் பொம்மையின் வார்ப்பு கருமருந்துக்கு ஏற்றதல்ல. அசிட்டிலீனும் காற்றும் முழுதாக மூடிய கலத்தில் எரிந்தாலே அழுத்தம் வளிமண்டலத்தைப் போல் சுமார் பத்து மடங்குதான் உயரும். வாய் திறந்த குழலில் அதற்கும் குறைவு. இந்தக் கணக்கைக் குலைக்கும் எதையும் செய்யாமல் இருந்தால் இரும்பு தாங்கும். குலைப்பவை: குழல்வாயில் தக்கை, உருளைக்கிழங்கு, கோலி அடைப்பது, சத்தம் கூட வேண்டும் என்று நீளக் குழாய் பொருத்துவது (நீளம் கூடினால் தீ வேகமெடுத்து, எரிதல் ஒலியைவிட வேகமாகப் பாயும் அதிர்வெடியாக மாறக்கூடும்), வெல்டிங் சிலிண்டரிலிருந்து ஆக்சிஜன் விடுவது. செம்புக் குழாய் வைத்து ‘மேம்படுத்துவது’ தனி ரகம். அசிட்டிலீனோடு செம்பு சேர்ந்தால் உருவாகும் செம்பு அசிட்டிலைடு, உலர்ந்த நிலையில் தட்டினாலே வெடிக்கும். கருமருந்தை இதில் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்பவருக்கு ஒரே பதில்: சிதறும் இரும்புத் துண்டுகள்.

பொடியையும் கொஞ்சம் மதித்து நடத்த வேண்டும். குப்பி திறந்திருந்தால் காற்றின் ஈரத்தையே குடித்துக் கட்டிதட்டிவிடும். மூடியைத் திறந்ததும் பூண்டு நாற்றம் தூக்கலாக வந்தால் ஈரம் உள்ளே புகுந்துவிட்டது என்று பொருள். அந்த நாற்றம் அசிட்டிலீனுடையது அல்ல, கார்பைடில் உள்ள கசடு தரும் ஃபாஸ்ஃபீன் என்ற வாயுவுடையது. வியர்த்த சட்டைப்பையில் குப்பி வேண்டாம். பொடி தீப்பிடித்தால் உலர்ந்த மணல்தான், தண்ணீர் ஊற்றினால் தீக்குத் தீனி போட்டதாகும். ஈரம் பட்டால் ஆபத்தான சரக்கு என்ற வகைப்பாட்டில் வருவதால் விமானத்தில் பயணப்பையில் எடுத்துச் செல்லவும் வழியில்லை. வெளிநாட்டு உறவினரிடம் ‘வரும்போது ஒரு குப்பி வாங்கி வா’ என்று சொல்லிவைக்காதீர்கள்.

ஆட்டம் முடிந்ததும் குழலில் இருப்பது நீர்த்த சுண்ணாம்புப் பால். கண்ணில் பட்டால் எரித்துவிடும். அதில் கரையாத பொடி மிச்சமிருந்தால் கொட்டிய இடத்திலும் குமிழிவரும் என்பதால், பக்கத்தில் அடுப்போ சிகரெட்டோ இருக்கக்கூடாது. அலசி, துணி விட்டுத் துடைத்து, உட்புறம் மெல்லியதாக எண்ணெய் பூசி வையுங்கள். இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் துரு ஏறும். தீக்கல்லில் அந்த எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குறை உண்டா என்றால், உண்டு. கருமருந்து எரியும்போது அதன் எடையில் பாதிக்கு மேல் திடத்துகளாக வெளியேறும். பீரங்கிப் படங்களில் பார்க்கும் அந்த வெண்புகைத் திரை அதிலிருந்து வருவது. பிக்-பேங்கில் அது கிடையாது. சத்தமும் வயிற்றில் இடிக்கும் ‘டொம்’ அல்ல, சவுக்கடி போன்ற ‘டப்’. வெண்புகை இல்லாமல் மனம் ஆறாது என்றால், அதற்கென்று சோதித்து விற்கும் எஃகுக் குழலும், ஆலையில் செய்த கருமருந்தும், பழகியவர்கள் நடத்தும் களமும் தேவை. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பழங்கால ஆயுதப் பொழுதுபோக்குக்கு 50 பவுண்டு வரை உரிமம் கேட்காமல் விடுவது ஆலைச் சரக்குக்கு மட்டும்தான். வீட்டில் அரைத்த மருந்துக்கு அந்தச் சலுகை இல்லை. மாநில, நகர விதிகள் வேறு. கார்பைடுக் குழலின் அடியில் எப்போதும் தண்ணீர் நிற்கிறது, கங்கு தங்க வழியில்லை. கருமருந்துக் குழலிலோ அணையாத கங்கு ஒன்று ஒளிந்திருந்து அடுத்த மருந்தைப் போடும்போதே பற்றவைக்கும். அந்தத் துறையின் பழைய காயங்கள் பலவும் அப்படி வந்தவை.

எதை வாங்கலாம்? 6எஃப் மேசை அலங்காரத்துக்குச் சரி. ஆனால் அதையும் வீட்டுக்குள் வெடிக்கக்கூடாது. 15எஃப்சி கனமானது, அக்கம்பக்கம் வீடுகள் உள்ள இடத்துக்குப் பொருந்தாது. நடுவிலுள்ள 10எஃப்சிதான் காசுக்குத் தகுந்தது. எதை வாங்கினாலும் காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு பின்னாலோ பக்கவாட்டிலோ நில்லுங்கள். கூடவே தீக்கல் இரண்டு மூன்று உபரியாகச் சேர்த்து வாங்கிவிடுங்கள், இதில் முதலில் தேய்வது அதுதான்.