கணினி மணி தப்பினால்: பழைய டெஸ்க்டாப்போடு பல வருட அனுபவம்

கணினியில் மணி தப்பினால், தொல்லை மணிப் பிரச்சினையாக வந்து நிற்காது. தினமும் பார்க்கும் தளம் திறக்காது, பேங்க் பக்கம் 'பாதுகாப்பற்றது' என்று மிரட்டும், கணினியில் உள்ள ஆப் உருவாக்கும் ஆறு இலக்க ஓடிபி தப்பு என்று வரும். நாம் நெட்டைத் திட்டுவோம், வைரஸோ என்று பயப்படுவோம். விண்டோஸ், உபுண்டு இரண்டும் போட்ட பழைய டெஸ்க்டாப் ஒன்றை வருடக்கணக்கில் ஓட்டிவருகிறேன். விசித்திரமாக எந்த எரர் வந்தாலும் முதலில் தேதியையும் மணியையும்தான் பார்க்கிறேன். தப்பா சரியா என்பதைவிட, எவ்வளவு தப்பு என்று கணக்குப் போடுவேன். கோளாறு எங்கே என்பதை அந்த வித்தியாசமே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

தேதி பல வருடம் பின்னால் போய் ஏதோ ஒரு ஜனவரி 1-இல் நின்றால் சிமாஸ் பேட்டரி தீர்ந்துவிட்டது. மதர்போர்டில் காசு மாதிரி உட்கார்ந்திருக்கும் 3 வோல்ட் பேட்டரி அது. பெரும்பாலும் சிஆர் 2032. சுவரில் ஸ்விட்ச் போட்டிருக்கும் வரை, கணினி அணைந்திருந்தாலும் பவர் சப்ளையிலிருந்து கொஞ்சம் மின்சாரம் வந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளும். நம் வீடுகளில் வேலை முடிந்ததும் சுவர் ஸ்விட்சையும் அணைத்துவிடுவோம். அதன் பிறகு முழுப் பாரமும் பேட்டரி மேல்தான். 'பகலில் சரியாக இருக்கிறது, காலையில் போட்டால் மட்டும் பழைய தேதி' என்று யாராவது சொன்னால் எனக்கு வேறு சோதனையே தேவைப்படாது. பேட்டரி தீரப்போகும் கட்டத்தில் இன்னொரு வேடிக்கை உண்டு. தேதி பின்னுக்கு ஓடாது. ராத்திரி எத்தனை மணி நேரம் அணைந்திருந்ததோ அந்த அளவுக்கு மணி பிந்தியிருக்கும்.

இதற்கும் தளம் திறக்காததற்கும் என்ன சம்பந்தம்? ஒவ்வொரு தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழிலும் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு தந்துவந்த சான்றிதழ்களின் ஆயுள் 90 நாள்தான். கணினி 2012-இல் நின்றால், பிரவுசருக்கு அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. உபுண்டுவில் அப்டேட் போட்டாலும் இதே கதை: அப்டேட் விவரங்கள் அடங்கிய ரிலீஸ் ஃபைல் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று அடம்பிடிக்கும்.

நெட் இருந்தால் தானாகச் சரியாகிவிடும் என்றுதான் பலரும் சொல்வார்கள். பாதி உண்மை. வீட்டில் தனியாக ஓடும் விண்டோஸில், வித்தியாசம் 15 மணி நேரத்தைத் தாண்டினால் திருத்தம் ரொம்பப் பெரியது என்று விட்டுவிடுவதுதான் வழக்கமான அமைப்பு. அதனால் முதலில் கையால் தேதியையும் மணியையும் ஏறக்குறைய சரியாக வைத்துவிட்டு, அப்புறம் விண்டோஸின் தேதி-நேர அமைப்பில் 'சிங்க் நவ்' அழுத்த வேண்டும். அதற்கும் அசையவில்லை என்றால் நெட்வொர்க்கில் நேரத்தைக் கேட்டு வாங்கும் வழியான யூடிபி 123 போர்ட் அடைபட்டிருக்கலாம்; ஹாஸ்டல், ஆபீஸ் வைஃபைகளில் இது சாதாரணம்.

பேட்டரி மாற்றுவது சுலபம், விலையும் பெரிதில்லை. ஆனால் மாற்றுவதற்கு முன் பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புகள்) பக்கங்களை மொபைலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியைக் கழற்றினால் பல போர்டுகளில் அமைப்புகள் பழையபடி ஆகிவிடும். டிஸ்கோடு மதர்போர்டு பேசும் முறையான சாட்டா மோடு ஏஎச்சிஐ-யிலிருந்து வேறொன்றுக்கு மாறினால் விண்டோஸ் நீலத் திரையில் நிற்கும். பேட்டரி மாற்றியதால் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று நினைத்துவிடுவோம். டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் போட்டிருந்தால் ரிகவரி கீயும் கையில் இருக்கட்டும். 2032 என்றால் 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். கடையில் 2025 இருக்கிறது என்று நீட்டினால் வேண்டாம்; விட்டம் ஒன்றுதான், தடிமன் குறைவு, பிடிப்பில் லொடலொடவென்று ஆடும். பிளஸ் குறி மேலே தெரியும்படி போடுவதுதான் பெரும்பாலான போர்டுகளில் வழக்கம். கழற்றிய பழசைக் குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள், விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

வித்தியாசம் சரியாக ஐந்தரை மணி நேரம் என்றால் பேட்டரியைத் தொடவே வேண்டாம். மதர்போர்டுக் கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். உபுண்டு அதை யூடிசி (உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால்) என்று எடுத்துக்கொள்ளும். உபுண்டுவிலிருந்து விண்டோஸுக்கு வந்தால் மணி ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைச் சேர்த்து அதையும் யூடிசிக்கு மாற்றலாம். நான் உபுண்டுவை உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிட்டேன். அது சரியான முறை இல்லை என்று உபுண்டு எச்சரிக்கும். கோடையில் மணியை மாற்றும் நாடுகளில் அது தொல்லைதான். இந்தியாவில் அந்தப் பழக்கமே இல்லை, எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

ஏமாற்றும் வகை இன்னொன்று. திரையில் மணி சரி, ஓடிபி மட்டும் தப்பு. புதிதாக விண்டோஸ் போட்டவர் டைம் ஜோனை அமெரிக்காவின் பசிபிக்கிலேயே விட்டுவிட்டு, மணியை மட்டும் கையால் நம் நேரத்துக்கு மாற்றியிருப்பார். பார்க்க எல்லாம் ஒழுங்காகத் தெரியும். உள்ளே யூடிசி 12 மணி நேரத்துக்கும் மேல் தள்ளிப்போயிருக்கும். 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் ஓடிபி அந்த யூடிசியை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. ஜோனைச் சென்னை, கொல்கத்தா, மும்பை, டெல்லி என்று இருப்பதற்கு மாற்றிவிட்டு மணியைத் திருத்தினால் போதும்.

சில நிமிடம் மட்டும் பிசகியிருந்தால் தானியங்கி ஒத்திசைவு அணைந்திருக்கும், வேறு ஒன்றுமில்லை. வீட்டில் ஓடிபி தப்பாகலாம், அதைத் தவிர பெரிய நஷ்டமில்லை. ஆபீஸ் கணினிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் டொமைனில் அப்படி இல்லை. அங்கே லாகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறை வழக்கமாகப் பொறுப்பது 5 நிமிடம், அதைத் தாண்டினால் பாஸ்வேர்டு சரியாக இருந்தும் உள்ளே விடாது.

மணியும் ஜோனும் சரி, அப்படியும் சான்றிதழ் எரர் வருகிறதா? கணினி பழசு என்றால் கடிகாரத்தை விட்டுவிடுங்கள். தளங்களின் சான்றிதழ்களை நம்பலாமா என்று கணினி முடிவு செய்வது, தன்னிடம் உள்ள மூலச் சான்றிதழ்களை வைத்துத்தான். அவற்றில் டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 என்ற ஒன்று 2021 செப்டம்பர் 30-இல் காலாவதியானது. அப்டேட் இல்லாத பழைய சிஸ்டங்களில் அன்றிலிருந்து பல தளங்கள் திறக்கவில்லை. பயர்பாக்ஸ் பிரவுசர் தன் மூலச் சான்றிதழ் பட்டியலைத் தானே வைத்திருக்கும். அதில் மட்டும் தளம் திறந்தால், சிஸ்டத்தின் மூலச் சான்றிதழ் பட்டியலைத்தான் புதுப்பிக்க வேண்டும்.