நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்னின் ஜே, ஏ, ஒய்6: ரோனோக் பட்டறையின் மூன்று நீராவி எஞ்சின்கள் பற்றி ஒரு மதிப்பீடு

அமெரிக்காவின் பெரிய ரயில் கம்பெனிகளில் நீராவியைக் கடைசிவரை விடாமல் பிடித்திருந்தது நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன். 1960 மே மாதம்தான் அதன் வழக்கமான நீராவி ஓட்டம் நின்றது. மற்ற கம்பெனிகள் பால்ட்வின், ஆல்கோ, லைமா என்று எஞ்சின் கட்டும் நிறுவனங்களுக்கு வெளியே ஆர்டர் கொடுத்துக்கொண்டிருந்தபோது, இவர்கள் வர்ஜீனியா மாநிலத்தின் ரோனோக் நகரில் இருந்த சொந்தப் பட்டறையிலேயே வரைந்து, பூட்டி, ஓட்டி, கெட்டால் பிரித்தும் பார்த்தார்கள். எரித்த நிலக்கரியும் சொந்தத் தடத்தின் ஓரத்துச் சுரங்கங்களிலிருந்து வந்ததுதான். ஆகவே இந்த எஞ்சின்களை எடை போடும்போது வேகத்தையும் இழுவையையும் மட்டும் பார்த்தால் கணக்குத் தப்பும். எந்தத் தடத்துக்கு, எந்தக் கரிக்கு, எந்த ஷெட்டுக்கு என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

பெயர் வாங்கியது ஜே. 4-8-4 சக்கர அமைப்பு (முன்னே வழிகாட்டும் சக்கரம் 4, நடுவில் இயக்கு சக்கரம் 8, பின்னே எடை தாங்கும் சக்கரம் 4), பயணிகள் ரயிலுக்கானது. 1941 முதல் 1950 வரை மொத்தம் 14 கட்டினார்கள். 1950-இல் வந்த 611, 612, 613 மூன்றும்தான் அமெரிக்காவில் பெருவழித்தடப் பயணிகள் ரயிலுக்காகக் கட்டப்பட்ட கடைசி நீராவி எஞ்சின்கள். விலை ஒன்றுக்கு ஏறத்தாழ 2.5 லட்சம் டாலர். கறுப்பு உடல், பக்கவாட்டில் சிவப்புப் பட்டை, தோட்டா மாதிரி மூக்கு. படம் பிடிக்க வருபவர்கள் அதோடு நின்றுவிடுவார்கள். பார்க்க வேண்டியது பட்டைக்குக் கீழே இருக்கிறது.

சிலிண்டர் 27 அங்குல விட்டம், உள்ளே பிஸ்டன் ஓடும் வீச்சு 32 அங்குலம். இயக்கு சக்கரம் 70 அங்குலம். கொதிகலன் அழுத்தம் முதலில் சதுர அங்குலத்துக்கு 275 பவுண்டாக இருந்து பிறகு 300 ஆனது. இழுவை விசையும் 73,000 பவுண்டிலிருந்து 80,000-க்கு ஏறியது. மணிக்கு 40 மைலில் கொக்கியில் சுமார் 5,100 குதிரைத்திறன். வேகப் பயணிகள் எஞ்சினுக்கு 80 அங்குலச் சக்கரம் வைப்பது அன்று வழக்கம். இங்கே 70 வைத்ததற்குக் காரணம் மலைத்தடம். சக்கரம் சிறிதானால் ஏற்றத்தில் இழுவை கிடைக்கும்; ஆனால் அதே வேகத்துக்கு அதிகச் சுற்று சுற்ற வேண்டும், பிஸ்டனையும் சக்கரங்களையும் இணைக்கும் தண்டுகள் அடிக்கும். அந்த அடியைத் தாங்க எடை குறைந்த உயர்தர எஃகுத் தண்டுகள், தண்டிலும் அச்சிலும் டிம்கன் ரோலர் பேரிங்குகள். போர்க்காலத்தில் அந்த எஃகு கிடைக்காமல் போனதால் 605 முதல் 610 வரை வெளிக்கவசமும் இல்லாமல், கனத்த தண்டுகளோடு ஜே1 என்ற பெயரில் வந்தன. பிறகு மற்றவற்றைப் போலவே மாற்றப்பட்டன.

பென்சில்வேனியா ரயில்வே சோதனைக்காக 610-ஐ வாங்கி ஓட்டியபோது 15 பெட்டியோடு மணிக்கு 110 மைல் (177 கிலோமீட்டர்) தொட்டது. ஜே என்றாலே இந்த எண்ணைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அந்த வேகத்தில் 70 அங்குலச் சக்கரம் நிமிடத்துக்கு 528 சுற்று சுற்றுகிறது, பிஸ்டன் நிமிடத்துக்கு 2,800 அடி ஓடுகிறது. தண்டு உடையாமல் இருந்ததே பெரிய பாராட்டு. ஆனால் சொந்தத் தடத்தில் அந்த வேகத்துக்கு வேலையே இல்லை. பீட்டர்ஸ்பர்க்குக்கும் சஃபோக்குக்கும் இடையே 50 மைலுக்கு மேல் கோடு போட்டது போல நேர்த்தடம் உண்டு. அதை விட்டால் மேற்கே போகப் போக வளைவும் ஏற்றமும்தான். நார்ஃபோக்கிலிருந்து சின்சினாட்டி வரை 677 மைல் போன பவ்ஹட்டான் ஆரோ ரயிலில் ஜேயின் திறமை தெரிந்தது வளைவு முடிந்து மறுபடி வேகம் பிடிக்கும் இடங்களில்.

ஜேயின் குறை புறப்பாட்டில். இயக்கு சக்கரங்களின் மேல் அமரும் எடை 2,88,000 பவுண்டு, இழுவை 80,000. வகுத்தால் 3.6. பொதுவாக 4 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் சக்கரம் தண்டவாளத்தைப் பற்றும் என்பார்கள். நனைந்த தண்டவாளத்தில் ரெகுலேட்டரை (சிலிண்டருக்கு நீராவி விடும் வால்வை) தாராளமாகத் திறந்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். சரியான முறை இதுதான்: ஓட்டும் திசையை மாற்றும் ரிவர்சரை முழுக்க முன்னே தள்ளி, சிலிண்டர் காக்குகளை (அடியில் உள்ள வடிகால் குழாய்களை) திறந்து வைத்து, நீராவி குளிர்ந்து சேர்ந்த தண்ணீரை வெளியேற்ற வேண்டும். தண்ணீர் அமுங்காது, உள்ளே தங்கினால் சிலிண்டர் மூடியையே பெயர்த்துவிடும். பிறகு மணலைப் போட்டு ரெகுலேட்டரைக் கொஞ்சமாகத் திறக்க வேண்டும். சக்கரம் வழுக்கினால் முதலில் ரெகுலேட்டரை மூட வேண்டும், சுற்று அடங்கிய பிறகே மணல். சுழலும்போதே மணலைக் கொட்டினால் சக்கரம் சட்டென்று பிடித்து, அந்த அதிர்ச்சி முழுவதும் தண்டுக்கும் கிராங்க் முளைக்கும் போகும். ரயில் உருண்டதும் ரெகுலேட்டரை அகலத் திறந்து, கட்-ஆஃபை (ஒவ்வொரு வீச்சிலும் எவ்வளவு தூரம்வரை நீராவி உள்ளே விடப்படுகிறது என்பதை) குறைத்துக்கொண்டே வர வேண்டும். ரெகுலேட்டரைப் பாதி மூடிக் கட்-ஆஃபை நீளமாக வைத்து ஓட்டினாலும் ரயில் ஓடும். கரியும் தண்ணீரும் கரையும்.

ஏ வகுப்பு 2-6-6-4. வேகச் சரக்குக்கும், தேவைப்பட்டால் பயணிகள் ரயிலுக்கும். 1936 முதல் 1950 வரை 43 எஞ்சின்கள். ஒரே கொதிகலனுக்குக் கீழே இயக்கு சக்கரங்கள் இரண்டு தொகுதி. 24 அங்குல சிலிண்டர் நான்கு. நான்குக்கும் கொதிகலனிலிருந்து நேரடியாக 300 பவுண்டு நீராவி. இழுவை 1,14,000 பவுண்டு, சக்கரம் ஜேயைப் போலவே 70 அங்குலம். வெஸ்ட் வர்ஜீனியாவின் வில்லியம்சனிலிருந்து ஒஹாயோவின் போர்ட்ஸ்மவுத் வரையான சமதளத்தில் 175 கரிப் பெட்டிகளை ஒற்றையாய் இழுத்தது. பின்னாளில் டெண்டருக்கு (கரியும் தண்ணீரும் சுமக்கும் வண்டிக்கு) பின்னால் தனித் தண்ணீர்த் தொட்டி ஒன்றையும் மாட்டினார்கள். அவ்வளவு நீள ரயிலைத் தண்ணீருக்காக நிறுத்துவதைவிட, மறுபடி கிளப்புவதில்தான் நேரமும் கரியும் போகும் என்பதே காரணம். பலவீனம் ஒன்றே: முன் தொகுதி வளைவில் திரும்பும் என்பதால் அங்கே போகும் நீராவிக் குழாய்க்கு வளையும் மூட்டு வேண்டும், அந்த மூட்டு முழு 300 பவுண்டையும் தாங்க வேண்டும். கசிவைத் தடுக்கும் அடைப்பு தேய்ந்தால் நீராவி பீய்ச்சும். குளிர்காலத்தில் டிரைவருக்கு முன்னே வெள்ளைத் திரைதான்.

நம் கணக்கில் மூன்றிலும் சிறந்தது ஒய்6. பார்க்க அழகில்லை. 2-8-8-2, சக்கரம் 58 அங்குலம், மணிக்கு 50 மைலுக்கு மேல் போகாது. ஆனால் கம்பெனிக்குக் காசு சம்பாதித்துக் கொடுத்தது இதுதான். 1936 முதல் 1952 வரை ஒய்6, ஒய்6ஏ, ஒய்6பி என்று 81 வந்தன. சுவிட்சர்லாந்துக்காரர் அனாடோல் மாலே 19-ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய கூட்டு நீராவி முறையை மற்ற அமெரிக்கக் கம்பெனிகளில் பெரும்பாலானவை பழசு என்று கைகழுவிவிட்டன. ரோனோக்காரர்கள் அதையே பிடித்துச் செதுக்கினார்கள். நீராவி முதலில் பின் தொகுதியின் 25 அங்குல சிலிண்டருக்குள் போகிறது. அங்கே வேலை செய்து அழுத்தம் இறங்கியதும் வெளியே விடப்படுவதில்லை. குழாய் வழியாக முன் தொகுதியின் 39 அங்குல சிலிண்டருக்குப் போய் இன்னொரு முறை உழைக்கிறது. பரப்பளவில் முன் சிலிண்டர் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. ஒரே நீராவியில் இரண்டு வேலை என்பதால், மெதுவாக ஏறும் கனரக ரயிலில் கரிச் செலவு குறைகிறது.

புறப்படும்போது மட்டும் ஒரு வால்வைத் திருப்பி, அழுத்தம் குறைத்த புது நீராவியை முன் சிலிண்டர்களுக்கும் நேரடியாக விடலாம். அப்போது இழுவை 1,52,000 பவுண்டு. ரயில் உருண்டதும் கூட்டு முறைக்கு மாற்றினால் 1,26,800. மாற்றாமல் அப்படியே ஓட்டினால் கொதிகலன் ஈடுகொடுக்க முடியாமல் அழுத்தம் சரியும். வழுக்கல் விஷயத்தில் இதற்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. முன் தொகுதி வழுக்கினால், இடைக்குழாயில் இருக்கும் நீராவியைச் சட்டென்று விழுங்கிவிட்டுத் தானே பலமிழந்து அடங்கும். பின் தொகுதி வழுக்கினால் இடைக்குழாயில் நீராவி குவிந்து, எதிரழுத்தமாக நின்று அதை அடக்கும். ஏ வகுப்பில் இந்தத் தானடக்கம் கிடையாது. வளையும் மூட்டிலும் லாபம்: இதில் அந்த மூட்டு வழியாகப் போவது ஏற்கெனவே அழுத்தம் இறங்கிய நீராவி, ஆகவே ஒழுக்கு குறைவு.

ரோனோக்குக்குக் கிழக்கே புளூ ரிட்ஜ் ஏற்றம் 1.2 சதவீதம். கனத்த கரி ரயிலுக்கு முன்னால் இரண்டு ஒய்6, பின்னால் தள்ள ஒன்று. வெஸ்ட் வர்ஜீனியாவின் எல்க்ஹார்ன் மலைப்பகுதியில் 1915 முதல் மின்சார எஞ்சின்கள் ஓடின. 1950-இல் புதுச் சுரங்கப்பாதை திறந்து ஏற்றம் குறைந்ததும் மின்கம்பியைக் கழற்றிவிட்டு நீராவியை உள்ளே விட்டார்கள். மின்சாரத்தை எடுத்துவிட்டு நீராவிக்குத் திரும்புவது அபூர்வமாக நடக்கும் கூத்து. கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் செய்தார்கள். குறை என்றால் வேகம். 39 அங்குல பிஸ்டனின் எடை முன்னும் பின்னும் போய்வரும் அடியை எந்த எதிர்எடையாலும் முழுதாகச் சமன்செய்ய முடியாது. அதனால்தான் 50 மைல் எல்லை.

இந்த மூன்றையும் உண்மையில் தூக்கி நிறுத்தியது எஞ்சினைவிட ஷெட்தான். ரோனோக்கின் ஷாஃபர்ஸ் கிராசிங் போன்ற இடங்களில் ‘லூப்ரிடோரியம்’ என்று தனிக் கட்டடமே கட்டினார்கள். எஞ்சின் வந்ததும் சாம்பல் தட்டி, கரி, தண்ணீர், மணல் ஏற்றி, அழுத்த நீரால் கழுவி, பிறகு இந்தக் கட்டடத்துக்குள். கீழே குழி, இரண்டு பக்கமும் தொங்கும் கிரீஸ் துப்பாக்கிகள். ஒருவர் கிரீஸ் போட, இன்னொருவர் இயந்திர எண்ணெயூட்டிகளை நிரப்ப, மற்றொருவர் தட்டிப் பார்த்து விரிசல் தேட, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் எஞ்சின் அடுத்த ரயிலுக்குத் தயார். ஜேயில் 200-க்கும் மேற்பட்ட இடங்களுக்கு எண்ணெய் தானாகவே போகும். எண்ணெய்க் கேனோடு டிரைவர் சுற்றி வர வேண்டிய வேலை ஒழிந்தது. சட்டகமும் சிலிண்டரும் ஒரே எஃகு வார்ப்பு. போல்ட் தளர்வது, சட்டகம் வெடிப்பது போன்ற பழைய தலைவலிகள் அதோடு போயின. ஜே எஞ்சின்கள் மாதம் 15,000 மைல் ஓடியதற்கு இதுவே காரணம். இந்த ஏற்பாடு இல்லாத கம்பெனிக்கு ஜேயை விற்றிருந்தால் சுமாரான எஞ்சின் என்றே பெயர் வாங்கியிருக்கும்.

ரோலர் பேரிங்குக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. பழைய வகைப் பித்தளை பேரிங் சூடானால் வழியிலேயே தெரியும், சின்ன ஷெட்டிலும் மாற்றலாம். ரோலர் கெட்டால் தண்டையே கழற்றிப் பெரிய பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும்.

1952-இல் ஒரு ஏ, ஒரு ஒய்6பி இரண்டையும் நான்கு யூனிட் எஃப்7 டீசல் எஞ்சினோடு போட்டிச் சோதனையில் இறக்கினார்கள். முடிவு ஏறத்தாழ சமம். ஆனாலும் டீசல்தான் வென்றது. மற்ற கம்பெனிகள் எல்லாம் மாறிவிட்டதால் ஸ்டோக்கர் (கரியைத் தானாக அடுப்பில் போடும் கருவி), பம்ப், எண்ணெயூட்டி செய்தவர்கள் கடையைக் கட்டினார்கள்; உதிரிப் பாகத்தைத் தானே செய்துகொள்ளும் நிலைக்குக் கம்பெனி வந்தது. ஆள்கூலியும் ஏறியது. 1954-இல் வந்த ஜான் ஹென்றி என்ற 4,500 குதிரைத்திறன் டர்பைன்-மின் எஞ்சின் (நீராவியால் டர்பைனைச் சுழற்றி மின்சாரம் எடுத்து ஓடுவது) நீராவியைக் காப்பாற்றும் என்று நினைத்தார்கள். டெண்டரோடு 161 அடி நீளம், அதனால் எந்தத் திருப்பு மேடையிலும் அடங்கவில்லை. கரித்தூசி மின்மோட்டார்களுக்குள் புகுந்தது. வாங்கியிருக்கவே வேண்டாத சரக்கு. 1958-இல் ஸ்டூவர்ட் சாண்டர்ஸ் கம்பெனித் தலைவரானதும் டீசல் மாற்றம் வேகமெடுத்தது.

நேரில் பார்க்க நினைப்பவர்களுக்கு: ரோனோக்கில் உள்ள வர்ஜீனியா போக்குவரத்து அருங்காட்சியகம்தான் ஜே வகுப்பின் 611, ஏ வகுப்பின் 1218 இரண்டுக்கும் வீடு. 611 இன்னும் நீராவி ஏற்றக்கூடிய நிலையில் இருப்பது. 1982-இலும் 2015-இலும் புதுப்பிக்கப்பட்டது. அமெரிக்க விதிப்படி 15 ஆண்டு அல்லது நெருப்பு மூட்டிய 1,472 நாள், எது முன்னே வருகிறதோ, அப்போது கொதிகலனை முழுதாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். அது வெளியூர் ஓட்டத்துக்கும் போவதுண்டு என்பதால் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். 1218 உலகில் மிஞ்சியிருக்கும் ஒரே 2-6-6-4. ஓய்வுக்குப் பிறகு யூனியன் கார்பைடு ஆலையில் வெறும் கொதிகலனாக நின்றது, 1987 முதல் 1991 வரை மறுபடி ஓடியது, இப்போது ஓடாது. ஒய்6ஏ 2156-ஐப் பார்க்க மிசௌரியின் செயின்ட் லூயிஸுக்குப் போக வேண்டும், தேசியப் போக்குவரத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கே பக்கவாட்டில் நின்று முன் சிலிண்டரையும் பின் சிலிண்டரையும் மாறி மாறிப் பாருங்கள். 1218-இல் நான்கும் ஒரே அளவு; இதில் முன்னது பின்னதன் அண்ணன்போல் புடைத்து நிற்கும். நேரம் குறைவு, ஒரே ஒரு எஞ்சினைத்தான் பார்க்க முடியும் என்றால், 611-ஐ விட்டுவிட்டு இதற்கே போகலாம்.