கைத்துப்பாக்கித் தோட்டாக்களைப் பிரித்தெடுத்தல்: ஒரு நீண்டகால அனுபவம்

அமெரிக்காவில் வீட்டிலேயே தோட்டா ரீலோட் செய்யும் (பித்தளைக் கூட்டில் பிரைமர், வெடிமருந்து, முனையில் குண்டு ஆகியவற்றை இட்டுத் தோட்டாவை மீண்டும் உருவாக்கும்) எவருக்கும், தாம் செய்ததைத் தாமே பிரிக்க வேண்டிய நிலை என்றாவது வரும். கூட்டின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் சரியாக உள்ளே இறங்கியிராது. குண்டு அளவுக்கு மேல் ஆழமாகப் போயிருக்கும். அல்லது மருந்து இருமுறை விழுந்துவிட்டதோ என்ற ஐயம் எழும். இந்த மூன்றாவது ஐயத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. புல்ஸ்ஐ போன்ற வேகமாக எரியும் மருந்து .38 ஸ்பெஷல் கூட்டின் சிறு பகுதியையே நிரப்புவதால், இரண்டு அளவு விழுந்தாலும் வழிந்து காட்டிக்கொடுக்காது. தோட்டாக்களை எடைபோட்டுக் கண்டுபிடிப்பதும் நம்பத்தக்கதன்று. பல நிறுவனங்களின் கூடுகள் கலந்திருக்கும்போது பித்தளையின் எடை வேறுபாடே மருந்தின் எடையை மறைத்துவிடும். பிரித்துப் பார்ப்பதே வழி.

பல ஆண்டுகளாக நான் பயன்படுத்துவது சுத்தியல் வடிவிலான பிளாஸ்டிக் புல்லர், அதாவது குண்டைக் கழற்றும் கருவி. தோட்டாவின் விளிம்பை மூன்று துண்டுப் பிடி கவ்விக்கொள்ள, சுத்தியலை ஓங்கி அடித்தால் கூடு நின்றுவிடும். குண்டு தன் நிலைமத்தால் முன்னேறி, மருந்தோடு சுத்தியலின் தலைக்குள் விழும். குண்டின் எடை எவ்வளவு கூடுதலோ அவ்வளவு எளிதில் அது கழன்று வரும். 230 கிரெய்ன் (ஒரு கிரெய்ன் சுமார் 0.065 கிராம்) எடையுள்ள .45 ஏசிபி குண்டு ஓரிரு அடிகளில் வந்துவிடும். 115 கிரெய்ன் 9 மி.மீ. குண்டோ பொறுமையைச் சோதிக்கும்.

இந்தக் கருவிக்குத் துணையாக ரீலோடர்கள் கையாளும் உபாயங்களில் எனக்கு உண்மையாகவே பயன்பட்டவை சில உண்டு. முதலாவது, அடிக்கும் தளம். மரக்கட்டையின் பக்கவாட்டில் அடித்தால் மரமே அதிர்வை விழுங்கிவிடுவதால் அடிகளின் எண்ணிக்கை வீணாகக் கூடும். கட்டையை நிமிர்த்தி வைத்து அதன் வெட்டுமுகத்தில் அடிக்கும்போது அதே கைவீச்சுக்குக் குண்டு விரைவில் நகர்கிறது. கான்கிரீட் தரையும் எஃகுத் தகடும் இன்னும் வேகமாக வேலை செய்யும் என்றாலும், தொடர்ந்து அவற்றின் மீது அடித்தால் பிளாஸ்டிக் தலையில் விரிசல் விழும். எனவே வெட்டுமுகக் கட்டையையே நான் விரும்புகிறேன். இரண்டாவது, சுத்தியல் தலையின் உட்புற அடியில் காதடைப்பான் பஞ்சுத் துண்டு ஒன்றை இடுவது. குண்டின் மூக்கு நசுங்காமல் காக்க இதைவிட மலிவான வழி இல்லை. ஆனால் மருந்துத் துகள்கள் அந்தப் பஞ்சின் அடியில் ஒளிந்துகொள்ளும் என்பதால், வேறு மருந்திட்ட தோட்டாவுக்கு மாறும்போது தலையைத் தட்டித் துடைத்துவிட வேண்டும்.

மூன்றாவது உபாயம் நெடுநாள் கிடந்த தோட்டாக்களுக்கானது. கூட்டோடு ஒட்டிக்கொண்ட குண்டை, சீட்டிங் டையால் (குண்டைக் கூட்டில் அமர்த்தும் அச்சு) மயிரிழை அளவு உள்ளே தள்ளினால் அந்த ஒட்டு விட்டுப்போகும். பிறகு புல்லரில் எளிதில் வரும். மருந்து ஏற்கெனவே இறுகி நிரம்பியிருக்கும் தோட்டாவில் இதைச் செய்யலாகாது.

சிலர் மூன்று துண்டுப் பிடிக்குப் பதிலாக பிரஸ்ஸின் (ரீலோட் செய்யும் நெம்புகோல் கருவி) ஷெல் ஹோல்டரை, அதாவது கூட்டின் விளிம்பைத் தாங்கும் பிடியை, சுத்தியலில் செருகுகிறார்கள். வேலை விரைவாகும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஷெல் ஹோல்டரின் ஒரு பக்கம் திறந்திருக்கிறது, விளிம்பைச் சுற்றிலும் பிடிப்பதில்லை. இன்னும் வெடிக்காத பிரைமர் இருக்கும் தோட்டாவை அதில் வைத்து ஓங்கி அடிக்க நான் உடன்படமாட்டேன்.

பிரஸ்ஸிலிருந்து டையைக் கழற்றிவிட்டு, ரேமை (தோட்டாவை மேலே தூக்கும் தண்டு) உயர்த்தி, மேல் துளைக்கு வெளியே தெரியும் குண்டைக் கட்டிங் பிளையரால் கவ்விக்கொண்டு ரேமை இறக்கும் முறையும் பரவலாகச் சொல்லப்படுகிறது. நீண்ட ரைஃபிள் தோட்டாவுக்கு அது பொருந்தும். 9 மி.மீ. தோட்டாவோ குட்டையானது, பல பிரஸ்களில் துளைக்கு மேலே கவ்வும் அளவுக்குக்கூட எட்டாது. எட்டினாலும், வெளியே நீட்டியிருப்பது பெரும்பாலும் குண்டின் வளைந்த மூக்கே என்பதால் பிளையர் வழுக்கும். வழுக்காமல் பிடித்தால் செப்பு உறையில் ஆழமான வடு விழும். குண்டைச் சுற்றி இறுகிப் பிடிக்கும் காலெட் வகைப் புல்லருக்கும் இதே இடர்ப்பாடுதான்: அது பிடிப்பதற்கு நேரான பக்கச் சுவர் வேண்டும், குட்டையான கைத்துப்பாக்கிக் குண்டில் கூட்டுக்கு வெளியே அது மிகக் குறைவு. மெழுகு தடவிய வார்ப்பு ஈயக் குண்டைக் காலெட்டில் பிடிக்க முயல்வது நேர விரயமே.

பிரித்த குண்டையும் கூட்டையும் மீண்டும் பயன்படுத்துவதில் கவனம் தேவை. கிரிம்ப் (குண்டை இறுக்கக் கூட்டின் வாயை உள்நோக்கி அழுத்துவது) ஆழமாக விழுந்திருந்தால் முலாம் பூசிய குண்டின் மேற்பூச்சு வெட்டுப்பட்டிருக்கும். அத்தகையவற்றை நான் ஒதுக்கிவிடுவேன். டையிலிருந்து டிகேப்பிங் ஊசியை (பிரைமரை வெளியே தள்ளும் ஊசி) நீக்கிவிட்டு, கூட்டை மறுபடி சைஸ் செய்ய (உரிய அளவுக்குச் சுருக்க) வேண்டும். அப்படிச் செய்யாமல் குண்டு ஏற்றினால் பிடிமானம் தளர்ந்திருக்கும். துப்பாக்கிக்குள் ஏறும்போது குண்டு உள்ளே பின்தள்ளப்படும். 9 மி.மீ. தோட்டாவுக்கு, தோட்டாத் தரங்களை வகுக்கும் அமெரிக்கத் தொழில்துறை அமைப்பான சாமி (SAAMI) வகுத்த உச்ச அழுத்தம் 35,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு). அவ்வளவு உயர்ந்த அழுத்தத்தில் இயங்கும் சிறு கூட்டில், குண்டு சிறிது பின்னே போனாலும் அழுத்தம் கடுமையாக ஏறும்.

.22 போன்ற ரிம்ஃபையர் தோட்டாக்களை இந்தச் சுத்தியலில் ஒருபோதும் இடக்கூடாது. அவற்றில் பற்றவைக்கும் கலவை விளிம்பிலேயே இருக்கிறது, பிடி கவ்வுவதும் அதே விளிம்பைத்தான். பிரைமர் அடியின் நடுவில் இருக்கும் சென்டர்ஃபையர் தோட்டாக்களைப் பிரிக்கும்போதும் கண்ணாடி அணிந்தே அடிக்கிறேன். வெளிவந்த மருந்து எது என்று உறுதியாகத் தெரியாதபோது அதை எந்தப் புட்டியிலும் திருப்பிக் கொட்டாமல், புல்வெளியில் மெல்லியதாகத் தூவிவிடுகிறேன்.